"அது" வந்துவிடுமோ என்று பயம்: பஸ் ஏற முடியவில்லை, பந்தியில் உட்கார முடியவில்லை

அரசலாறு எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 27 வயது. பாபநாசத்திலிருந்து தினமும் கும்பகோணத்துக்குப் போய் ஒரு தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். என் பிரச்சினையை எப்படி எழுதுவது என்றே தெரியவில்லை, அந்தச் சொல்லை மூன்று தடவை தட்டி மூன்று தடவையும் அழித்துவிட்டேன். சாப்பிட்டது மேலே வருவது. புரிந்திருக்கும். அதற்குத்தான் பயம். அருவருப்பு என்றால் எல்லோருக்கும் இருக்கும், விட்டுவிடலாம். இது உயிர்பயம் மாதிரி.

எட்டு வயதில் வேளாங்கண்ணிக்கு வேனில் போனோம். திருவாரூர் தாண்டியதும் என் மேலேயே ஆகிவிட்டது, பச்சைப் பட்டுப்பாவாடை முழுக்க. வேனை நிறுத்தி வாய்க்கால் ஓரம் என்னைக் கழுவிவிட்டார்கள். பெரியப்பா "முன்னாடியே சொல்லித் தொலைக்க மாட்டியா" என்று கத்தினது இன்னமும் காதில் இருக்கிறது. அதிலிருந்துதான் என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் அதற்கப்புறம் இத்தனை வருஷத்தில் எனக்கு அது இரண்டே தடவைதான் வந்திருக்கிறது.

இப்போது என் கைப்பையில் எப்போதும் இருப்பவை: எலுமிச்சம்பழம், மூன்று கேரிபேக், இஞ்சி மரப்பா, டாக்டர் எழுதாமலே வாங்கிய குமட்டல் மாத்திரை ஒரு பட்டை. முன்படிக்கட்டுப் பக்கம் ஜன்னல் ஓரம் கிடைக்காவிட்டால் அந்த பஸ்ஸை விட்டுவிடுவேன். சுந்தரபெருமாள்கோவில் வருவதற்குள் உள்ளங்கை வேர்த்துவிடும், தாராசுரம் வரும்போது வயிற்றைப் புரட்டும், கும்பகோணத்தில் இறங்கி ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமே இருக்காது. பக்கத்து சீட்டுக் குழந்தை ஒரு தடவை ஓங்கரித்தால் போதும், எந்த ஊராக இருந்தாலும் இறங்கிவிடுவேன். கல்யாண வீடுகளில் மொய் எழுதிவிட்டு சாப்பிடாமல் வந்துவிடுகிறேன். காலையில் வைத்த சாம்பாரை இரவில் தொடமாட்டேன். வீட்டுக்காரரிடம் "இது கெட்டுப்போகலயே, கெட்டுப்போகலயே" என்று ஒரு வேளைக்குப் பத்துத் தடவை கேட்கிறேன், அவரும் பொறுமையாக மோந்து பார்த்துச் சொல்கிறார், பாவம். ஒரு வருஷத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டேன்.

போன மாதம் வகுப்பில் ஒரு பையனுக்கு ஆகிவிட்டது. நான் என்ன செய்திருக்க வேண்டும்? முதுகைத் தடவிக் கொடுத்து ஆயாவைக் கூப்பிட்டிருக்க வேண்டும். நான் முப்பது பிள்ளைகளையும் விட்டுவிட்டு மைதானத்தின் கடைசிவரை ஓடிவிட்டேன். அந்தப் பையன் அழுதுகொண்டு நின்றானாம். அதுதான் மனசை அறுக்கிறது.

கடைசியாக ஒன்று, இதை யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. மாமியார் மாதாமாதம் "விசேஷம் ஏதாவது உண்டா" என்று கேட்கிறார். எனக்குக் குழந்தை என்றால் உயிர். ஆனால் மசக்கையை நினைத்தால் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன், வீட்டுக்காரரிடம் வேறு ஏதேதோ காரணம் சொல்லி. வீட்டில் தாயத்துக் கட்டினார்கள், குடல் தட்டினார்கள், ஒரு டாக்டரிடம் போனேன், அவர் சிரித்துவிட்டு கேஸ் மாத்திரை கொடுத்தார். இப்படி வேறு யாருக்காவது இருக்கிறதா? இதற்கு வைத்தியம் உண்டா, எந்த டாக்டரிடம் போக வேண்டும்?

பம்புசெட்டு எழுதியது:

இதெல்லாம் ஒரு வியாதியா. எங்கள் பக்கம் நடவுக்கு வருகிற பெண்கள் பழையதைக் குடித்துவிட்டு நாளெல்லாம் சேற்றில் நிற்கிறார்கள், ஒருவருக்கும் இப்படி வந்ததில்லை. மனசைத் திடமாக வைத்துக்கொண்டால் போதும்.

கிட்டிக்காரர் பேரன் எழுதியது:

பம்புசெட்டு அண்ணே, மனசைத் திடமாக வை என்று என் அப்பா எனக்குப் பதினோரு வருஷம் சொன்னார். நான் மன்னார்குடிப் பக்கம், எனக்கும் இதே பயம், ஆம்பளை என்பதால் வெளியே சொல்லவே கூசும். நடவுக்கு வருகிறவர்களில் யாருக்கும் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? யாராவது கேட்டுப் பார்த்தார்களா?

தங்கச்சி, முதலில் ஒரு எலிக் கதை. தாத்தா வயலில் மூங்கில் கிட்டி வைத்து எலி பிடிப்பவர். ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார், எலி புதுத் தீனியைப் பார்த்தால் ஒரேயடியாகத் தின்னாது, ஒரு துளி கடித்துவிட்டுப் போய்விடும், ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மறுபடி வரும் என்று. ரொம்ப நாள் கழித்துப் படித்தேன், எலிக்கு வாந்தி எடுக்கவே வராதாம், உடம்பின் அமைப்பே அப்படி. தின்றது கெட்டது என்றால் வெளியே தள்ள வழி இல்லாத பிராணி, ஒவ்வொரு வாய்க்கும் பயப்படத்தானே செய்யும். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, ஏனென்றால் நான் சாப்பிடுகிற லட்சணமும் அதேதான். ஒரு வாய், அரை மணி நேரம் காத்திருப்பு, அப்புறம் அடுத்த வாய். கெட்டதை வெளியே தள்ளுகிற ஏற்பாடு நமக்கு இருக்கிறது, அது இல்லாத எலி மாதிரி நான் வாழ்ந்துகொண்டிருந்தேன்.

இந்தப் பயத்துக்குப் பெயர் எமெட்டோஃபோபியா. பெயர் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கே எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது, ஊரில் நான் ஒருத்தன்தான் பைத்தியம் என்று நினைத்திருந்தேன். தஞ்சாவூரில் ஒரு சைக்காலஜிஸ்டிடம் நான்கு மாதம் போனேன். அவர் செய்தது படிக்கட்டு வைத்தியம். எது லேசான பயம், எது பெரிய பயம் என்று என்னையே வரிசையாக எழுதச் சொன்னார். முதல் படி அந்தச் சொல்லை எழுதுவது. நீங்கள் பதிவு முழுக்க அதை எழுதவே இல்லை, கவனித்தேன். நானும் அங்கேதான் ஆரம்பித்தேன், நோட்டில் ஒரு பக்கம் முழுக்க, இம்போசிஷன் மாதிரி. அப்புறம் சத்தமாகச் சொல்வது. அப்புறம் கார்ட்டூன் படம், நிஜப் படம், சத்தம் மட்டும், கடைசியில் வீடியோ. ஒவ்வொரு படியிலும் பயம் தானாக இறங்குகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும், ஓடக் கூடாது, மரப்பா மெல்லக் கூடாது. முதல் நாள் வீடியோ பத்தே விநாடி. நாற்காலியைப் பிடித்த பிடியில் விரல் வெளுத்துப்போனது. அதே பத்து விநாடியை முப்பதாவது தடவை பார்க்கும்போது எனக்குக் கொட்டாவி வந்தது, பொய் இல்லை.

உச்சகட்டம் என்னவென்றால் போலி வாந்தி தயாரிப்பது. பழைய சோற்றுக் கஞ்சியைக் கரைத்து, கொஞ்சம் புளித்த தயிர், துருவின கேரட், மேலே ஒரு கரண்டி ரசம். அதை வாயில் வைத்துக்கொண்டு கழிவறையில் குனிந்து, சத்தம் போட்டுத் துப்ப வேண்டும். வீட்டில் சொல்லாமல் செய்துவிட்டேன். அம்மா கதவை இடித்துக்கொண்டு ஓடிவந்து, "என்னடா ஆச்சு" என்று முதுகைத் தடவ, நான் உள்ளே சிரிப்பை அடக்க முடியாமல் இன்னும் துப்ப, ஒரே ரகளை. நிஜமாக வாந்தி எடுக்கவைப்பது இந்த வைத்தியத்தில் கிடையாது, அதற்குப் பயந்துகொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள்.

இதில் கஷ்டமான படி வீடியோ இல்லை. சட்டைப்பையில் இருந்த கேரிபேக்கை வீட்டிலேயே வைத்துவிட்டு நீடாமங்கலம் வரைக்கும் பஸ்ஸில் போனதுதான்.

குடமுருட்டி எழுதியது:

நான் மனநலத் துறையில் சைக்காலஜிஸ்டாக வேலை பார்க்கிறேன். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய்ப்பெயர் சொல்லக் கூடாது, அதனால் இதைப் பொதுவாக எடுத்துக்கொள்ளுங்கள். பேரன் சொன்னது சரியான பாதைதான், சில விஷயங்களை மட்டும் சேர்க்கிறேன்.

இது குறிப்பிட்ட ஒன்றின் மீதான பயம் என்ற வகையில் வருகிறது. பெரும்பாலும் சின்ன வயதில் ஆரம்பிக்கும், பெண்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். சகோதரி எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது ஒரு வரி: கும்பகோணத்தில் இறங்கி ஐந்து நிமிஷத்தில் ஒன்றுமே இருக்காது. கெட்ட சாப்பாட்டால் வந்த குமட்டல் பஸ் ஸ்டாண்டு வந்ததும் நிற்காது இல்லையா? நடப்பது இதுதான். பயந்தவுடன் உடம்பு ஓடுவதற்கோ சண்டை போடுவதற்கோ தயாராகிறது, அட்ரினலின் ஊறுகிறது, ரத்தம் கைகாலுக்குப் போகிறது, இரைப்பை வேலையை மெதுவாக்கிவிடுகிறது. அதனால் வயிறு கனக்கும், புரட்டும். அந்தப் புரட்டலை மூளை "பார்த்தாயா, வரப்போகிறது" என்று எடுத்துக்கொள்ளும், பயம் இன்னும் ஏறும், புரட்டல் இன்னும் ஏறும். செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். நாளெல்லாம் குமட்டும், ஆனால் வருஷக்கணக்கில் வாந்தியே வந்திருக்காது, இந்தப் பயம் உள்ளவர்களிடம் இது சாதாரணம். உங்களுக்கும் இரண்டே தடவை.

அப்புறம் அந்தக் கைப்பை. எலுமிச்சம்பழத்தில் தப்பு ஒன்றும் இல்லை, பஸ்ஸில் போகிற பாதிப் பேர் மோந்துகொண்டுதான் போகிறார்கள். ஆனால் நீங்கள் ஒவ்வொரு நாளும் நல்லபடியாக வந்து சேரும்போது மூளை அந்தப் பெருமையைப் பழத்துக்கும் கவருக்கும் ஜன்னலுக்கும் கொடுத்துவிடுகிறது. "எலுமிச்சம்பழம் இருந்ததால் தப்பித்தேன்" என்று. அது இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே கொடுப்பதில்லை. வீட்டுக்காரரிடம் கேட்கிற கேள்வியும் அதே ரகம்தான், அவர் பதில் சொல்லச் சொல்ல ஐந்து நிமிஷ நிம்மதி, ஆறாவது நிமிஷம் மறுபடி கேள்வி. சிகிச்சையில் இவற்றை ஒவ்வொன்றாக, பேசி வைத்துக்கொண்டு, குறைப்போம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்குவது கிடையாது. யாராவது "பழக்கிவிடுகிறேன்" என்று உங்களைத் திடுதிப்பென்று எதன் முன்னாலாவது கொண்டுபோய் நிறுத்தினால் மறுத்துவிடுங்கள், அது பயத்தை இறுக்கும். வேன் சம்பவம் மாதிரி ஒட்டிக்கொண்ட நினைவு இருந்தால் அதையும் தனியாக எடுத்துப் பேசுவோம். பல சமயம் உள்ளே கிடப்பது வாந்தி இல்லை, எல்லோர் முன்னாலும் திட்டு வாங்கின அவமானம்.

பலன் இருக்குமா என்றால், பிரிட்டனில் 24 பேரை வைத்து ஒரு சின்ன ஆய்வு 2016-இல் வெளியானது. பாதிப் பேருக்கு வாரம் ஒன்றாக 12 அமர்வு சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை. மீதிப் பேர் காத்திருந்தார்கள். சிகிச்சை எடுத்தவர்களில் பாதிப் பேருக்கு வாழ்க்கையில் தெரிகிற அளவுக்கு மாற்றம் வந்தது. நூற்றுக்கு நூறு இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே "மூன்றே நாளில் குணம்" என்று விளம்பரம் போடுபவர்களிடம் போகாதீர்கள்.

மாத்திரை விஷயம். பதற்றம் ரொம்ப அதிகமாக இருந்தாலோ கூடவே மனச்சோர்வு இருந்தாலோ மனநல மருத்துவர் எஸ்எஸ்ஆர்ஐ என்கிற, பதற்றத்தையும் மனச்சோர்வையும் குறைக்கிற வகை மருந்து எழுதலாம். இதில் ஒரு சங்கடம் உண்டு, அந்த மருந்து முதல் ஒன்றிரண்டு வாரம் சிலருக்குக் குமட்டலைக் கொடுக்கும். இந்தப் பயம் உள்ளவர்கள் முதல் மாத்திரையோடு நிறுத்திவிட்டு ஓடிவிடுவார்கள். அதனால் டாக்டரிடம் பயத்தையும், குழந்தைக்குத் திட்டமிடுவதையும் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்கேற்ற மருந்தைக் குறைந்த அளவில் ஆரம்பிப்பார்கள். கைப்பையில் இருக்கிற குமட்டல் மாத்திரையை முன்ஜாக்கிரதைக்காகத் தினம் போடுகிற பழக்கம் இருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். மலச்சிக்கல், தலைவலி மட்டும் இல்லை, சிலருக்கு இதயத் துடிப்பைத் தொந்தரவு செய்கிற மாத்திரைகளும் அதில் உண்டு.

ஆறு கிலோ எனக்குக் கவலை. முதலில் ஒரு பொது மருத்துவரிடம் ரத்தம், தைராய்டு, வயிறு எல்லாம் பார்த்துவிடுங்கள். சாப்பாடு ரொம்பக் குறைந்திருந்தால் பயத்துக்குச் சிகிச்சை தொடங்கும்போதே அதையும் கவனிக்க வேண்டும்.

எங்கே போவது: தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, திருவாரூர் மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது. தனியாரிடம் போவதானால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆர்சிஐ, அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், பதிவு உள்ளவரா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. உடனே யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம்.

முள்ளியாறு அக்கா எழுதியது:

எல்லோரும் பஸ்ஸையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள், அந்தப் பெண் கடைசியில் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

அம்மாடி, எனக்கும் இந்தப் பயம் உண்டு, எனக்கு இரண்டு பிள்ளைகள். கல்யாணமாகி நான்கு வருஷம் இழுத்தடித்தேன். திருத்துறைப்பூண்டி முழுக்க எனக்குத்தான் ஏதோ குறை என்று பேசினார்கள், பேசட்டும் என்று விட்டேன், ஏனென்றால் நிஜக் காரணத்தைச் சொன்னால் இன்னும் கேவலமாக இருக்கும் என்று தோன்றியது. மசக்கையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் குமட்டல் இருக்கும், வாந்தி எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் அநேகமாக ஆறாவது வாரம் வாக்கில் தொடங்கி நான்காவது மாதத்துக்குள் அடங்கிவிடும். டிரிப்ஸ் ஏற்றுகிற அளவுக்குப் போவது ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். டாக்சிலமைனும் பி6 வைட்டமினும் சேர்ந்த மாத்திரை ஒன்று இருக்கிறது, கர்ப்பத்தில் குமட்டலுக்கு டாக்டர்கள் வழக்கமாக எழுதுவதுதான். முதல் தடவை போகும்போதே "எனக்கு இந்தப் பயம் இருக்கிறது" என்று லேடி டாக்டரிடம் சொல்லி வையுங்கள். நான் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை.

மூத்தவனுக்கு எனக்கு நான்கு தடவை வந்தது. எண்ணி வைத்திருக்கிறேன் பாருங்கள்! முதல் தடவை கொல்லையில் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றேன், பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கிற வாசனை, செத்துவிடுவேன் என்று நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அப்புறம் கண்ணில் தண்ணீர், மூக்கில் எரிச்சல், முருங்கை மரத்தடியில் ஒரு காக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் நடந்தது. இருபது வருஷமாக இதற்கா பயந்தேன் என்று கோபம் வந்தது. பயம் அதோடு போய்விட்டது என்று நினைக்காதீர்கள், இரண்டாவது தடவையும் பயந்தேன், ஆனால் முதல் தடவை அளவுக்கு இல்லை. சின்னவளுக்கு ஒரு தடவைகூட வரவில்லை, ஒன்பது மாதமும் வருமா வருமா என்று காத்திருந்ததுதான் மிச்சம்.

வீட்டுக்காரரிடம் நிஜத்தைச் சொல்லிவிடுங்கள். மாமியாரிடம் சொல்ல வேண்டாம், அது வேறு கதை. பத்துத் தடவை சாம்பாரை மோந்து பார்க்கிற மனுஷன் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார். அவரும் இனிமேல் "கெட்டுப்போகலை" என்று சத்தியம் பண்ணாமல் "எனக்கு எப்படித் தெரியும், வா சாப்பிடுவோம்" என்று சொல்லப் பழகட்டும்.

அரசலாறு எழுதியது:

பதில்களைப் படித்துவிட்டு ராத்திரி ரொம்ப நேரம் அழுதேன், கஷ்டத்தில் இல்லை. எலிக் கதையை இவரிடம் சொன்னேன், அப்படியே பேச்சு வளர்ந்து மற்றதையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார், அப்புறம் "இதைச் சொல்ல இரண்டு வருஷமா" என்று மட்டும் கேட்டார். அக்கா, அந்தக் காக்கா இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

இன்றைக்கு மதியம் இடைவேளையில் திருத்த வேண்டிய நோட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ரஃப் நோட்டில் வாந்தி வாந்தி வாந்தி என்று எழுதினேன், ஏழு தடவை. ஐந்தாவது தடவை கை நடுக்கம் கொஞ்சம் குறைந்தது. ஒரு பெண் குழந்தை எட்டிப் பார்த்து "டீச்சர், என்ன டிக்டேஷனா" என்று கேட்டாள்.

அந்தப் பையனிடமும் பேசினேன். டீச்சர் பயந்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்றேன். "எனக்கு அப்பவே சரியாயிடுச்சு டீச்சர்" என்கிறான்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு தஞ்சாவூர் போகலாம் என்று இருக்கிறோம். ஓபி சீட்டு எத்தனை மணிக்குள் வாங்க வேண்டும்? பஸ்ஸில்தான் போவதாக இருக்கிறேன், இவர் கூட வருகிறார், ஜன்னல் ஓரம் கிடைத்தால் நல்லது.

குடமுருட்டி எழுதியது:

காலையில் எட்டு மணிக்குள் சீட்டு வரிசையில் நின்றுவிடுங்கள், தாமதமானால் கூட்டம் நெரியும். பழைய ரிப்போர்ட், சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் கையில் எடுத்துப் போங்கள். காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள், இரண்டு இட்லியாவது.

கிட்டிக்காரர் பேரன் எழுதியது:

முதல் தடவைக்கு ஜன்னல் ஓரம் இருக்கட்டும் தங்கச்சி. எலுமிச்சம்பழத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி ரசத்துக்கு ஆகும்.